நீ எடுத்து வைத்திருக்கும் பேர்

பாலு,

இந்தக் காகிதத்தை நான் மடிக்கப் போவதில்லை. உறையில் போட்டு உன் லேப்டாப் பையில் செருகவும் போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நீ கார் சாவியை வைப்பாயே, அந்த கிச்சன் கவுன்ட்டரில் விரித்தே வைக்கப் போகிறேன். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நம் வீட்டில் எல்லாவற்றையும் மூடி மூடி வைத்தது போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நேரில் சொல்லியிருக்கலாம்தான். நேரில் சொல்லத்தான் இத்தனை நாளாகப் பார்க்கிறேன். நான் வாயைத் திறந்ததும் நீ "அம்மா, ப்ளீஸ், லேட்டர்" என்கிறாய். அடுத்த நிமிஷம் கராஜ் கதவு திறக்கிற சத்தம். உன் பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறான். அவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். இன்றைக்கு மத்தியானம் அவன் பக்கத்தில் நின்று நான் செய்துவிட்டு வந்த காரியத்தைப் பற்றியும்தான்.

நான் கவலைப்படுகிற ஜென்மம் என்று உனக்குத் தெரியும். இங்கே வந்ததிலிருந்து அதைச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். மாதத்துக்கு ஒரு நாள் ஊர் முழுக்கப் புயல் சைரனை ஊதிச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று நீ எனக்குச் சொல்லி வைக்கவில்லை. நான் பாஸ்போர்ட்டையும் நகைப் பையையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்துவிட்டேன். நித்யாதான் வீடெல்லாம் தேடிக் கண்டுபிடித்தாள். ஃப்ரீவேயில் நீ லேன் மாறினால் பின்சீட்டில் இருக்கிற என் கால் தானாகவே பிரேக்கைத் தேடுகிறது. பக்கத்து வீட்டில் பகலெல்லாம் ஆள் நடமாட்டமே இல்லையே, உள்ளே யாருக்காவது ஏதாவது ஆகியிருக்குமோ என்று கேட்டேன். அவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றாய். இந்தக் கவலைகளுக்கெல்லாம் நீ சிரித்தது சரிதான். இப்போது எழுதுகிற கவலை அந்த ரகம் இல்லை.

பேர் விஷயத்தில் நீ ரொம்பக் கறாராக இருந்தாய். பையன் என்று தெரிந்த அன்றைக்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் போனில் சட்டம் போட்டுவிட்டாய். சின்னதாக இருக்க வேண்டும், இரண்டு எழுத்து, மிஞ்சிப் போனால் மூன்று. தமிழ்ப் பேராக இருக்க வேண்டும், ஆனால் டெக்சாஸ்காரர் ஒருவர் முதல் தடவையே தடுக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் சப்டிவிஷனில், நம் ஊர்க் காலனி மாதிரி இருக்கிறதே, அதில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பேர் இருக்கக் கூடாது. "அம்மா, இந்த ஸ்ட்ரீட்ல மட்டும் மூணு ஆரவ் இருக்கான். பார்க்ல நின்னு ஆரவ்னு கூப்பிட்டா பாதிப் பசங்க திரும்பிப் பாக்கறாங்க" என்றாய். நான் கார்த்திகேயன் என்றேன். நீளம் என்றாய். சரி, கார்த்திக் என்றேன். உன் டீமிலேயே ஒருவன் இருக்கிறான் என்றாய். பெரம்பூரிலிருந்து உன் அப்பா, தன் அப்பா பேரைச் சொல்லிப் பார்த்தார், ரங்கநாதன் என்று. நீ மரியாதைக்குக் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி சும்மா இருந்தாய். அதற்குள் அவரே, "சரிப்பா, வேணாம், அந்தப் பேரோட ஒரு கோபக்காரன் போதும்" என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

உன் கறாருக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். உனக்கு நாங்கள் வைத்த பேர் அப்படி. பாலசுப்ரமணியம் என்று ஆசையாக வைத்தபோது, அதைத் தூக்கிக்கொண்டு நீ அமெரிக்கா வரை வருவாய் என்று யார் கண்டது? க்ளினிக்கில் காத்திருக்கும்போது, கதவைத் திறந்து வருகிற பெண் கையில் இருக்கிற பேப்பரைப் பார்த்து மூச்சை இழுத்தாலே போதும், அது நான்தான் என்று எழுந்து நின்றுவிடுவேன் என்று நீ ஒரு தடவை சொன்னாய். எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் நீளமோ குட்டையோ, உனக்குப் பேர் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. பதினாறாம் நாள் தொட்டில் போட்டுத்தான் பேர் சொல்ல வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, உன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைக் கையில் வாங்கிய உடனே "பாலு" என்று கூப்பிட்டுவிட்டார். நீ கொட்டாவி விட்டாய். "பாரு, பதில் சொல்றான்" என்றார். அன்றைக்கு என் மாமியாரிடம் அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

நீயும் நித்யாவும் பேரை முடிவு செய்துவிட்டு எங்களிடம் சொல்லவில்லை. "பேபி வந்த அப்புறம் சொல்றோம்மா, இங்க நெறைய பேர் அப்படித்தான்" என்றாய். எனக்கு வருத்தம்தான், காட்டிக்கொள்ளவில்லை. நான் வந்து இறங்கிய வாரம் உன் காரில் ஏறினால், கப் வைக்கிற குழியில் ஒரு காபிக் கப் இருந்தது. அதில் மார்க்கரால் ஒரு பேர் எழுதியிருந்தது. உன் பேரும் இல்லை, நித்யா பேரும் இல்லை. இது யாருடைய கப், யார் இவன் காரில் ஏறி இறங்குகிறார்கள் என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருமகள் வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது நீ யாரோடு காபி சாப்பிட்டுக்கொண்டு சுற்றுகிறாய் என்று யோசித்து யோசித்து அன்றைக்கு வைத்த சாம்பாரில் புளியே போடவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் நித்யாவிடமே சுற்றி வளைத்துக் கேட்டேன். "அவன் ஆபீஸ்ல இந்தப் பேர்ல யாராச்சும் இருக்காங்களாம்மா?" அவள் சிரித்த சிரிப்பில் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்கு வைக்கப் போகிற பேரை உன் பேர் என்று காபிக் கடை கடையாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாயாம். கடைக்காரர்கள் திரும்பக் கேட்காமல் எழுதுகிறார்களா, ஒழுங்காகக் கூப்பிடுகிறார்களா என்று பரீட்சையாம். என் பேரன் பேர் இந்த ஃபிரிஸ்கோ ஊரில் இருக்கிற காபிக் கடைக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது. "உங்களுக்குத் தெரியும்னு அவர்கிட்ட காட்டிக்காதீங்க அத்தை, அவரே சொல்லணும்னு ஆசையா இருக்கார்" என்றாள். நான் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல பேர், பாலு. சின்னது, வாய்க்கு இதமானது, வேறு யாருக்கும் இருந்து நான் கேட்டதில்லை. காய் நறுக்கும்போது மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன். அதை இந்தக் காகிதத்தில் எழுதப் போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அதற்குள் அவன் இரண்டரை மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். நித்யாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், நான் வீட்டு வாசலில் ஒரு கால் செருப்போடு நின்றதும் உனக்கு நினைவிருக்காது, நீ திரும்பியே பார்க்கவில்லை. முதல் தடவை அவனைப் பார்த்தபோது, இவ்வளவு சின்னதாக ஒரு மனுஷன் இருக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கடையில் வாங்குகிற ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் மூக்கு உன் மூக்கு, அதில் சந்தேகமே இல்லை. முதல் வாரம் பரவாயில்லை என்றார்கள். இரண்டாவது வாரம் ரத்தத்தில் கிருமி என்றார்கள். இப்போது மருந்து போய்க்கொண்டிருக்கிறது, இந்த வாரம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர். "பார்க்கலாம்" என்கிற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று யோசித்தபடியே நான் பாத்திரம் துலக்குகிறேன்.

அந்த என்ஐசியு வார்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் தலைமாட்டில் ஒரு அட்டை இருக்கிறது, கவனித்திருப்பாய். கலர் காகிதத்தை எழுத்து எழுத்தாக வெட்டி, பிள்ளையின் பேரை நர்ஸுகளே ஒட்டி வைக்கிறார்கள். ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் யானைக்குட்டி. நம் பெட்டியில் மட்டும் உன் நீளமான பேரும், அதற்குப் பக்கத்தில் "பாய்" என்று பையனுக்கான இங்கிலீஷ் சொல்லும், கம்ப்யூட்டரில் அச்சடித்த சின்னத் துண்டு. பகல் நர்ஸ் மரியா நல்ல பெண். அவள் உன்னிடம் இரண்டு மூன்று தடவை கேட்டாள், பேர் என்ன, சொன்னால் அட்டை செய்து வைக்கிறேன் என்று. இன்னும் முடிவு பண்ணவில்லை என்று நீ சொன்னாய். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு, அது பொய் என்று தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பேர் இல்லாத பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள், பாவம்? "பீனட்" என்று கூப்பிடுகிறாள். பிரியமாகத்தான் சொல்கிறாள், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் என் பேரனுக்கு இந்த உலகத்தில் முதலில் கிடைத்த பேர் வேர்க்கடலை.

எதிர்வீட்டு கலா போன சனிக்கிழமை என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். உனக்குத்தான் நேரமில்லையே. அனுமார் சந்நிதியில் நல்ல கூட்டம். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார், பூசம் என்றேன். பேர் கேட்டார். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, பாலு. ஆனால் பெற்றவன் சொல்வதற்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது? கடவுளிடம் சொன்னாலும் சொன்னதுதானே? "கொழந்தைக்கு இன்னும் பேர் வெக்கலைங்க" என்றேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. "பரவாயில்லம்மா, தகப்பனார் பேர் சொல்லுங்கோ" என்றார். உன் பேரைச் சொன்னேன். அர்ச்சனை உனக்கு நடந்தது. அனுமாருக்குத் தெரியாதா ஆன்ட்டி, யாருக்குன்னு அவருக்குப் புரியும் என்று கலா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். புரிந்திருக்கலாம். எனக்குத்தான் ஆறவில்லை. தட்டில் தேங்காயோடு வீட்டுக்கு வந்து, வேறு யாருக்கோ கேட்டுவிட்டு வந்தது போல உட்கார்ந்திருந்தேன்.

நீ ஏன் பேர் வைக்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது என நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியும். கிருமி என்று சொன்ன அன்றைக்கு மூன்று பேரும் காரில் திரும்பி வந்தோமே, பின்சீட்டில் நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை. நித்யா ஏதோ கேட்டாள். நீ மெதுவாகத்தான் சொன்னாய். "வீட்டுக்கு வர்ற பேபிக்குத்தான் நித்யா அந்தப் பேர். இப்பவே வெச்சிட்டு, அப்புறம் ஏதாவது ஆயிடுச்சுன்னா? அந்தப் பேர நம்மளால வாழ்க்கைல மறுபடி சொல்ல முடியுமா? வெயிட் பண்ணலாம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எக்ஸிட் வந்தது, நீ இண்டிகேட்டர் போட்டாய், அந்த டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தால் உன்னை அடித்திருப்பேன், இல்லை கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டையும் செய்ய முடியாதபடி கார் ஓடிக்கொண்டிருந்தது.

உன்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது, சொல்? முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று உனக்குப் பாலோடு ஊட்டியவள் நான்தான். கண் பட்டுவிடும், சொன்னால் நடக்காது, கைக்கு வரட்டும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் நம் வீட்டுச் சட்டம். உன் விசா இன்டர்வியூவுக்கு நீ இஸ்திரி போட்ட சட்டையில் ஃபைலோடு கிளம்பியபோது, மாடி வீட்டு அம்மா எங்கே என்று கேட்டார். பல் டாக்டரிடம் போகிறான் என்று சொல்லிவிட்டேன். நீ விசா கிடைத்த சந்தோஷத்தில் பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தாய். அந்த அம்மா கிராம்புத் தைலத்தோடு வாசலில் காத்திருந்தார். நீயும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தைலத்தை வாங்கிக்கொண்டாய். இந்த வீட்டை வாங்கியபோதும் சாவி கைக்கு வந்த பிறகுதான் உன் சித்தப்பாவுக்கே சொன்னோம். அவர் எட்டு மாதம் பேசவில்லை. கண் பட்டதோ இல்லையோ, எல்லாம் நல்லபடியாக நடந்தது. நடக்க நடக்க, நான் வாயை மூடி வைத்ததால்தான் நடந்தது என்று நம்பிவிட்டேன். நீயும் நம்பிவிட்டாய்.

அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று இந்த மூன்று வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. நித்யா டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாள், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னால் வயிற்றில் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது என்று அப்போதுதான் சொன்னாள். இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதுங்க என்றாள். மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் ஊருக்குச் சொல்லலாம் என்று இருந்தீர்களாம். மூன்று மாதம் ஆகவில்லை. வந்ததையே சொல்லாதபோது, போனதை எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் இந்தப் பெரிய வீட்டில் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து மீட்டிங் பேசிக்கொண்டிருந்தீர்களாம். அந்த வாரமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் உன்னிடம் கொத்தவரங்காய் விலையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். நல்லது முடிந்த பிறகு சொல் என்று கற்றுக்கொடுத்தேனே தவிர, கெட்டது நடந்தால் உடனே என்னிடம் ஓடி வா என்று கற்றுக்கொடுக்கவில்லை. நான் சீப்பை வைத்துக்கொண்டு நின்றேன். "அத்தை, முடி சிக்கு இன்னும் இருக்கு, வாருங்க" என்றாள் அந்தப் பெண்.

இன்றைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். நீ என்னை உள்ளே விட்டுவிட்டு ஆபீஸ் கால் என்று வராந்தாவுக்குப் போய்விட்டாய். அவன் விழித்திருந்தான். கையைச் சுத்தம் செய்துகொண்டு, பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டான். பேசுங்கள், குரல் கேட்டால் அவனுக்கு நல்லது என்றாள் மரியா. கண்ணா என்றேன். ராஜா என்றேன், தங்கம் என்றேன். அவை எல்லாம் ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளவை. உன்னையும் அப்படித்தான் கூப்பிட்டேன், தபால்காரர் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவனைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அப்போது மரியா அவனுக்கான பாலை எடுத்து வந்தாள். நித்யா இங்கே எடுத்துச் சேர்த்து வைக்கிற பால்தான், நீ தினமும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போய்க் கொடுக்கிற அந்தச் சின்ன பாட்டில். ஆஸ்பத்திரி லேபிளை ஸ்கேன் செய்துவிட்டு, பாட்டிலைத் திருப்பினாள். லேபிளுக்குக் கீழே, நீல மையில், பொடியாக, தமிழில் எழுதியிருந்தது. "எல்லா பாட்டில்லயும் இது இருக்கு கிராண்ட்மா, நான் தினம் பாக்கறேன், என்னது இது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நித்யாவின் கையெழுத்து. அவன் பேர். அதே இரண்டு எழுத்து. மரியா கேட்டுக்கொண்டு நிற்கிறாள், அவன் என் விரலைப் பிடித்திருக்கிறான், படித்துக் காட்டினால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மில்க்" என்றேன். பால் என்று எழுதியிருக்கிறது, எங்கள் பாஷையில் பால் என்றேன். ஓ, நைஸ் என்று அவள் தலையாட்டினாள். பாலைக் குழாயில் ஏற்றினாள். உன் விசாவை மறைத்த மாதிரி, இந்த வீட்டை மறைத்த மாதிரி, என் பேரனை அவன் முகத்துக்கு முன்னாலேயே மறைத்துவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் எப்படி இருக்கான் என்று நீ கேட்டாய். பால் குடிக்கறான் என்றேன்.  

வீட்டுக்கு வந்ததும் நித்யாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை அவள். "மூணாவது நாள்லருந்து எழுதறேன் அத்தை. என்னால அவனத் தூக்க முடியல, பால் மட்டும்தான் என்கிட்டருந்து போகுது. அதுவும் யாருக்குன்னு இல்லாம போனா எப்படி?" என்றாள். பாலுவிடம் சொன்னாயா என்றேன். "அவர்தான தெனம் எடுத்து அடுக்கறார். பாக்கலையா, இல்ல பாத்தும் பாக்காத மாதிரி இருக்காரான்னு தெரியல. நீங்க இத மட்டும் சொல்லிடாதீங்க. அவரா பாக்கட்டும்." சரி என்று தலையாட்டினேன். தலையாட்டிவிட்டு வந்து அரை மணி நேரம் இந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவளும் எங்கள் சட்டத்துக்குப் பழகிவிட்டாள், பார். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் அந்தப் பேர் தெரியும், ஒருவருக்கு ஒருவர் தெரியாத மாதிரி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் இப்போது மீறுகிறேன். என்னைக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பாலு, நீ பயந்ததில் தப்பில்லை. எனக்கு உன்னை விடப் பயம். காலையில் உன் போன் அடித்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உன் முகத்தைப் பார்க்கிறேன். ஆனால் நீ அந்தப் பேரை எதற்காகப் பத்திரப்படுத்துகிறாய் என்று உன்னையே கேட்டுக்கொள். அவன் நல்லபடியாக வந்தால், வந்த பிறகு சொல்லலாம் என்கிறாய். சரி. வராமல் போனால்? இதையும் எழுதிவிடுகிறேன். வராமல் போனால், அப்போது அவனை என்ன பேர் சொல்லி நான் அழுவேன்? போன தடவை மாதிரி, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் இந்தத் தடவையும் ஆளுக்கொரு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியுமா உன்னால்? என்னால் முடியாது. அந்தப் பேரை எடுத்து வைத்து நாளைக்கு இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று உன் மனசின் மூலையில் ஒரு எண்ணம் இருக்குமானால், அதையும் சொல்லிவிடுகிறேன்: அது முடியாது. அவன் அம்மா அவன் பசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்று வாரமாக அவன் அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறான்.

பேர் வைத்தால் பிழைப்பான் என்று நான் சொல்லவில்லை. அப்படி எதையும் நம்புகிற தைரியம் எனக்கு இப்போது இல்லை. பேர் வைத்தால் கண் படும் என்றும் இனிமேல் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவனைச் சுற்றி நாலு மெஷின் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், தன்னை யாரோ தனியாகக் கூப்பிடுகிறார்கள் என்பதே தெரியாமல் அவன் தனியாகக் கிடந்து போராடிக்கொண்டிருக்கிறான். அவன் உன் பிள்ளை ஆகிவிட்டான். வீட்டுக்கு வந்தால்தான் ஆவான் என்று இல்லை, ஏற்கெனவே ஆகிவிட்டான். பயத்தோடேயே கூப்பிடு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அவனுக்கு வித்தியாசம் தெரியாது.

நாளை மத்தியானம் நான் திரும்ப அங்கே நிற்பேன். மரியா பாட்டிலைத் திருப்புவாள். இந்தத் தடவை அவள் கேட்காவிட்டாலும் நானே சொல்வேன், நேற்று நான் சொன்னது பொய், அது பால் இல்லை என்று. என்ன எழுதியிருக்கிறதோ அதை அவன் காதுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிடுவேன். அதை அவன் முதல் தடவை உன் குரலில் கேட்க வேண்டும் என்று உனக்கு ஆசை இருந்தால், காலையிலேயே கிளம்பி எனக்கு முன்னால் போய்விடு.

அம்மா